இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஸ்ட்ரீம் வெட்டுகிறதா? ஐந்து வழிகள், யாருக்கு எது

“ப்ரோ, லேக் அடிக்குது.” சாட்டில் இந்த ஒரு வரி வந்ததும் விளையாடுகிறவரின் கவனம் போய்விடும். முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய ஸ்ட்ரீம்தான். அதே கேம், அதே செட்டிங்ஸ், அதே இணைப்பு. ஒன்பதரை மணிக்கு மேல் படம் விட்டு விட்டு வருகிறது, குரல் முன்னே ஓடுகிறது, பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். அடுத்த நாள் காலையில் என்னிடம் கேள்வி வரும்: “கிராபிக்ஸ் கார்டு மாத்தணுமா, இல்ல ஸ்ட்ரீமுக்குன்னு தனியா ஒரு பிசி வாங்கணுமா?”

இந்தக் கேள்வியைப் பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் கேட்பவர் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அதனால் பதிலை அவசரமாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆரம்பத்திலிருந்தே வெட்டுகிற ஸ்ட்ரீமுக்கும், நேரம் ஆக ஆக வெட்டுகிற ஸ்ட்ரீமுக்கும் காரணம் வேறு வேறு. ஆரம்பத்திலேயே வெட்டினால் அந்தக் கணினிக்கு அந்த வேலையே தாங்கவில்லை என்று பொருள். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு வெட்டினால், கணினிக்குத் திறன் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டே வருகிறது. அது சூடாக இருக்கலாம், மெமரியாக இருக்கலாம், இரவு நேரத்தில் நெரிசலாகும் இணைய லைனாக இருக்கலாம். எது நிரம்புகிறது என்று தெரியாமல் வாங்கும் எந்தப் பொருளும் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

## முதலில் மூன்று எண்கள்

ஸ்ட்ரீமை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் வியூ மெனுவைத் திறந்தால் ‘ஸ்டாட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. வருடக்கணக்கில் ஸ்ட்ரீம் செய்கிறவர்களில்கூடப் பலர் அதைத் திறந்ததில்லை. அதில் மூன்று வரிகள் நமக்கு வேண்டும்.

ரெண்டரிங் லேக். இந்த எண் ஏறினால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. கேமே கார்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஓபிஎஸ் தன் காட்சியை அடுக்கிச் சேர்க்க இடமில்லை.

என்கோடிங் லேக். காட்சி தயாராகிவிட்டது, ஆனால் அதை வீடியோவாகச் சுருக்குகிற வேலை பின்தங்குகிறது. பெரும்பாலும் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரைப் போட்டு, சிபியுவில் என்கோட் செய்கிறவர்களுக்கு, அதாவது வீடியோவைச் சுருக்குகிறவர்களுக்கு வரும்.

நெட்வொர்க் டிராப். கணினி தன் வேலையை முடித்துவிட்டது. அனுப்பும் வழியில் அடைப்பு.

இந்த மூன்றும் பூஜ்ஜியத்திலேயே நின்று, பார்ப்பவர்கள் மட்டும் லேக் என்று சொன்னால் குறை உங்கள் பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். ஒருவர் இருவர் மட்டும் சொல்கிறார்களா, எல்லாரும் சொல்கிறார்களா என்று பாருங்கள். யூடியூபில் ‘அல்ட்ரா லோ லேட்டன்சி’ போட்டிருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். அந்த நிலையில் பார்ப்பவரின் போனில் முன்கூட்டியே சேமித்து வைக்கும் வீடியோ மிகக் குறைவு. அவருடைய டவர் ஒரு நொடி தடுமாறினாலும் படம் நின்றுவிடும்.

நீண்ட ஸ்ட்ரீமில் மட்டும் வருகிற ஒரு ஏமாற்றத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டாட்ஸில் காட்டும் சதவீதம் ஆரம்பத்திலிருந்து சேர்ந்த கணக்கு. நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் இரண்டு மணி நேரத்தில் 4,32,000 ஃபிரேம் போயிருக்கும். அதற்குப் பிறகான பத்து நிமிடத்தில் நூற்றுக்கு ஐந்து ஃபிரேம் வீணாகிறது என்று வையுங்கள். பார்ப்பவருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் 1,800 ஃபிரேமை 4,68,000-ஆல் வகுத்து 0.4 சதவீதம் என்றுதான் திரை காட்டும். “அரை சதவீதம்கூட இல்லையே, என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று ஸ்ட்ரீமர் நினைத்துவிடுவார். கீழே ‘ரீசெட்’ பொத்தான் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை அழுத்தி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இரவு இப்படிக் குறித்தாலே போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் பார்க்கிறேன். மேலே உள்ள மூன்று எண்ணில் எதை அது குறைக்கும்? ஐந்தாவது மணி நேரத்திலும் அந்த நிம்மதி நிற்குமா? கடையில் கொடுக்கும் விலையைத் தவிர வேறென்ன செலவு வரும், மின்சாரம், நேரம், புதுத் தலைவலி எல்லாம் சேர்த்து? சரிவரவில்லை என்றால் பின்வாங்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். செட்டிங்ஸை ஒரு நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம். ஒரு கணினியின் படத்தை இன்னொன்றுக்குள் கொண்டுபோகும் கேப்சர் கார்டை வாங்கிவிட்டால், பாதி விலைக்குத்தான் விற்க முடியும்.

## வழி 1: செட்டிங்ஸைத் திருத்துவது

செலவு இல்லை. ஆனால் எதைத் திருத்துகிறோம் என்பது முக்கியம். எல்லாவற்றையும் ஒரே இரவில் குறைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ரெண்டரிங் லேக் ஏறுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கு, ஒரு எல்லை வைப்பது. எல்லை இல்லாத கேம் கார்டை 99 சதவீதம் வரை இழுத்துவிடும். ஸ்ட்ரீம் 60 ஃபிரேமில் போகிறது என்றால் ஓபிஎஸ்ஸுக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிநொடிதான் இருக்கிறது. அதற்குள் கார்டில் தன் முறை வராவிட்டால் அந்த ஃபிரேம் போச்சு. கார்டின் பயன்பாடு 85, 90 சதவீதத்துக்குள் நிற்கும்படி எஃப்பிஎஸ்ஸைக் கட்டிப்போடுங்கள். கேமுக்குள்ளேயே அந்த வசதி இருக்கும். இல்லாவிட்டால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. விண்டோஸில் ஓபிஎஸ்ஸை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். இதுவும் காசில்லாத மருந்து.

என்கோடிங் லேக் ஏறுகிறதா? சிபியுவில் ஓடும் எக்ஸ்264-ஐ விட்டு, கார்டிலேயே தனிப் பகுதியாக இருக்கும் என்கோடருக்கு மாறுங்கள். என்விடியாவில் அது என்வென்க், 2012 முதல் அவர்களுடைய பெரும்பாலான கார்டுகளில் வருகிறது. ஏஎம்டியிலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. இன்டெல் சிப்பில் கிராபிக்ஸ் பகுதி இருந்தால் குயிக் சிங்க் இருக்கும். பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து உள்ள இன்டெல் சிப்களில் அந்தக் கிராபிக்ஸ் பகுதி செயல்படாது, அதனால் குயிக் சிங்க்கும் கிடைக்காது. ஏற்கெனவே என்வென்க்கில் இருந்தும் லேக் வந்தால், பிரீசெட்டை (தர அளவை) ஒரு படி இறக்குங்கள். ‘லுக் அஹெட்’, ‘சைக்கோ விஷுவல் ட்யூனிங்’ இரண்டையும் அணைத்துப் பாருங்கள். அவை கேம் பயன்படுத்தும் அதே கோர்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

1080பி-யிலிருந்து 720பி-க்கு இறங்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு வந்துவிடும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் சேனலின் அனலிட்டிக்ஸைத் திறந்து எத்தனை பேர் போனில் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு அங்குலத் திரையில் வெட்டாத 720பி, வெட்டுகிற 1080பி-யைவிட எவ்வளவோ மேல்.

மெமரி நிரம்புகிற கதையும் இங்கேதான் தீரும். அலர்ட், சாட் பெட்டி, ஆடும் ஓவர்லே, டொனேஷன் இலக்கு என்று நாம் அடுக்கும் ஒவ்வொரு பிரவுசர் சோர்ஸும் உள்ளே ஓடும் ஒரு குரோம் டேப் மாதிரி. மணிக்கணக்கில் ஓடினால் சில ஓவர்லேக்கள் மெமரியை விழுங்கிக்கொண்டே போகும். திரையில் தெரியாதபோது சோர்ஸை நிறுத்தும் வசதி அதன் பிராப்பர்ட்டீஸிலேயே இருக்கிறது, டிக் செய்துவிடுங்கள். 8 ஜிபி ரேமில் கேமும் ஓபிஎஸ்ஸும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால் மூன்றாவது மணியில் ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும். ஸ்ட்ரீமோடு சேர்த்து ரெக்கார்டிங்கும் போடுகிறீர்கள் என்றால், ஸ்டாட்ஸில் டிஸ்க் இன்னும் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்றும் காட்டும். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு உங்கள் நேரம். ஒரு மாற்றம், ஒரு முழு நீள ஸ்ட்ரீம், ஒரு குறிப்பு என்று போனால் ஒரு வாரம் ஆகும். பொறுமை இருக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி 2: சூட்டைக் குறைப்பது

நேரம் ஆக ஆக வெட்டுகிற ஸ்ட்ரீமுக்கு, அதுவும் லேப்டாப்பில் விளையாடுகிறவர்களுக்கு, நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான்.

திருநெல்வேலியில் என் சித்தி மகன் இரவு எட்டு மணிக்கு ஸ்ட்ரீம் ஆரம்பிப்பான். மாடி அறை. மேலே வெறும் காங்கிரீட் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மே மாதம் போயிருந்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். “அண்ணே, செகண்ட் பிசிக்கு காசு சேத்துட்டேன்” என்றான். லேப்டாப் ஒரு பிளாஸ்டிக் டேபிளில், மடித்த போர்வை மேல் இருந்தது. டேபிள் ஆடுகிறது என்று போர்வை போட்டிருக்கிறான். ஒன்பது இருபதுக்கு ரீசெட் அழுத்தினோம். ஒன்பது ஐம்பதுக்கு ரெண்டரிங் லேக் நான்கு சதவீதம். இடது பக்க ஓட்டையில் கையை வைத்தேன், இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி காற்று வந்தது. கார்டின் கிளாக் வேகம் எட்டு மணிக்கு இருந்ததைவிட நன்றாக இறங்கியிருந்தது.

சிப் தன் உச்ச வெப்பத்தைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல லேப்டாப் சிபியுக்களுக்கு அந்த உச்சம் 95 முதல் 100 டிகிரி. லேப்டாப்பில் சிபியுவும் கார்டும் பெரும்பாலும் ஒரே செம்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்று காய்ந்தால் மற்றதும் காயும். அறை பத்து டிகிரி சூடாக இருந்தால் உள்ளே உள்ள சிப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுதலாகக் காயும். டிசம்பரில் வராத லேக் ஏன் மே மாதம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

போர்வையை எடுத்தோம். பின்பக்கத்தை இரண்டு தண்ணீர் பாட்டில் மூடி வைத்து உயர்த்தினோம். கேமை 60 எஃப்பிஎஸ்ஸில் கட்டினோம். விண்டோஸ் பவர் பிளானில் புராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்கினோம். இந்த ஒரு சதவீதம் சிபியுவின் டர்போவையே, அதாவது அது எடுக்கும் கூடுதல் வேகத்தையே நிறுத்திவிடும், சூடு சட்டென்று இறங்கும். கேமில் சில ஃபிரேம் குறையும், சிபியுவை அதிகம் நம்பும் கேமில் கொஞ்சம் கூடுதலாகவே குறையும். அன்றைக்குப் பதினொன்றரை வரை ரெண்டரிங் லேக் அரை சதவீதத்தைத் தாண்டவில்லை.

இது போதாதவர்களுக்கு அடுத்த படி, லேப்டாப்பைத் திறந்து தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது. இரண்டு மூன்று வருடம் ஆன லேப்டாப்பில் விசிறிக்கும் ஃபின்னுக்கும் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகள்) நடுவே பஞ்சு மாதிரி தூசி படிந்திருக்கும். நல்ல சர்வீஸ் கடையில் இதற்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடியும். வாரண்டி இருந்தால் முதலில் அதன் நிபந்தனையைப் படியுங்கள். கூலிங் பேட் சில டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூசி எடுக்காமல் கூலிங் பேட் வாங்குவது முறையில்லை.

ஏசி போட்டால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். போதும்தான். ஆனால் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் 300 முதல் 450 யூனிட் கூடும். ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஏற்கெனவே ஏசி ஓடும் அறைக்கு ஸ்ட்ரீமை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஸ்ட்ரீமுக்காக மட்டும் ஏசி வாங்க வேண்டாம்.

இன்னொன்றும் பாருங்கள். சில லேப்டாப்களில் கேம் கடுமையாகும்போது சார்ஜர் போதாமல் பேட்டரியிலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சார்ஜர் குத்தியிருந்தும் பேட்டரி 100-லிருந்து 60-க்கு இறங்குகிறது என்றால் அதுவும் நிரம்பி வழிவதன் இன்னொரு முகம். பேட்டரி இறங்கினால் வேகமும் இறங்கும். கம்பெனி கொடுத்த வாட்ஸுக்குக் குறைந்த சார்ஜரைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள்.

## வழி 3: இணையத்தைச் சரிசெய்வது

நெட்வொர்க் டிராப் ஏறுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பகுதி. மற்ற இரண்டு எண்ணும் ஏறுகிறவர்கள் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினாலும் ஒரு ஃபிரேம்கூடத் திரும்பி வராது.

ஸ்ட்ரீமுக்கு வேண்டியது பெரிய வேகமில்லை, அசையாத வேகம். ட்விட்ச் 1080பி 60-க்கு 6,000 கேபிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவு) பரிந்துரைக்கிறது. யூடியூப், எச்.264 என்ற வழக்கமான வீடியோ சுருக்க முறையில் 12 எம்பிபிஎஸ் வரை சொல்கிறது. இன்றைய ஃபைபர் இணைப்பில் 50 எம்பிபிஎஸ் அப்லோட் சாதாரணம். பிறகு ஏன் அடைக்கிறது? ஸ்பீட் டெஸ்ட் சில நொடிதான் அளக்கிறது. ஸ்ட்ரீம் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. இரவு எட்டு முதல் பதினொன்று வரை தெருவே இணையத்தில் இருக்கும்போது அதே லைன் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

வைஃபையில் ஸ்ட்ரீம் செய்கிறவர் முதலில் லேன் கேபிள் போடட்டும். இருபது மீட்டர் கேபிள் சில நூறு ரூபாய். கேட் 5ஈ கேபிளே நூறு மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். சித்தி மகனுக்கு இரண்டாம் நாள் இதுதான் நடந்தது. சூடு அடங்கியபின் நெட்வொர்க் டிராப் தனியாகத் தெரிந்தது. ரௌட்டர் கீழே ஹாலில், நடுவே இரண்டு சுவர். மாடிப்படி ஜன்னல் வழியாகக் கேபிளை ஏற்றினோம்.

கேபிள் போட்டும் டிராப் ஆனால், வீட்டில் யாருடைய போனாவது அந்த நேரத்தில் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்லோட் வழி குறுகலானது, ஒரு போன் போதும் அதை அடைக்க. பிட்ரேட்டை அளந்த அப்லோட் வேகத்தின் முக்கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் படம் சில நொடி மங்கும், ஆனால் வெட்டாது. பார்ப்பவர்கள் மங்கலைப் பொறுத்துக்கொள்வார்கள், வெட்டலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிளான் மாற்றுவதும் கம்பெனி மாற்றுவதும் கடைசியில். அதே கம்பெனியில் அதிக வேக பிளானுக்குப் போனால் இரவு நெரிசல் குறையும் என்று நம்பாதீர்கள். நானும் ஒரு முறை 100-லிருந்து 200-க்கு மாறினேன். தெருமுனைப் பெட்டி வரை நெரிசல் அப்படியேதான் இருந்தது, மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டியதால் வெளியேறவும் முடியவில்லை. புது லைன் எடுப்பதற்கு முன், நீங்கள் மாற நினைக்கும் கம்பெனியின் லைன் உள்ள பக்கத்து வீட்டில் இரவு ஒன்பதரைக்கு இரண்டு மணி நேரம் ‘அன்லிஸ்டட்’ ஸ்ட்ரீம் (லிங்க் உள்ளவர் மட்டும் பார்ப்பது) ஒன்று ஓட்டிப் பாருங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை மாற்று வழியாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 6,000 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 2.7 ஜிபி. நாளைக்கு 2 ஜிபி பேக் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

## வழி 4: புது கிராபிக்ஸ் கார்டு

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நல்ல வழிதான், இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று, உங்கள் கார்டில் இருக்கும் என்கோடர் பழையது. என்விடியாவில் 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து என்வென்க்கின் தரம் தெளிவாகக் கூடியது. பழைய மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள் கவனிக்க: 2019-இல் வந்த முதல் ஜிடிஎக்ஸ் 1650-இல் இருந்தது முந்தைய தலைமுறை என்கோடர். 1650 சூப்பரிலும் 1660-இலும் புதியது. விலை வித்தியாசம் குறைவு, ஸ்ட்ரீமில் தெரியும் வித்தியாசம் அதிகம். இரண்டு, எஃப்பிஎஸ்ஸைக் கட்டியும் கேமின் கிராபிக்ஸை இறக்கியும் ரெண்டரிங் லேக் முதல் மணியிலிருந்தே வருகிறது. அப்போது கார்டுக்கு உண்மையிலேயே திறன் போதவில்லை.

மறைந்த செலவு பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், 550 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. 4060-க்கு 115 வாட்தான். அதற்காகவே பழைய கேபினட் வைத்திருப்பவர்களுக்கு 4060 வசதி. 40 வரிசையில், வீடியோவை இன்னும் நன்றாகச் சுருக்கும் புதிய முறையான ஏவி1-க்கு என்கோடரும் வருகிறது, 2023 முதல் ஓபிஎஸ்ஸிலிருந்து யூடியூபுக்கு ஏவி1-இல் அனுப்பலாம். குறைந்த பிட்ரேட்டிலும் படம் தெளிவாக இருக்கும். அப்லோட் குறைவாக உள்ள ஊர்களில் இது பெரிய உதவி.

ஆனால் புதுக் கார்டு வாங்கி, அதையும் எல்லை இல்லாமல் 99 சதவீதத்தில் ஓட்டினால் அதே ரெண்டரிங் லேக் திரும்பி வரும். இப்படி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

## வழி 5: இரண்டாவது கணினி

கேம் ஒரு கணினியில், ஸ்ட்ரீம் இன்னொன்றில், நடுவே கேப்சர் கார்டு. முழு நேர ஸ்ட்ரீமர்களின் அறைப் படங்களில் பார்த்துவிட்டு எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். சிபியு என்கோடிங் மட்டுமே வழியாக இருந்த காலத்தில் இதற்கு அவசியம் இருந்தது. என்வென்க் இவ்வளவு முன்னேறிய பிறகு, பெரும்பாலானவர்களுக்கு அந்த அவசியம் இல்லை.

இதன் நன்மையை மறைக்க வேண்டியதில்லை. கேம் கிராஷ் ஆனாலும் ஸ்ட்ரீம் நிற்காது. சிபியுவை முழுக்கப் பிடிக்கும் கேம்களில், போட்டி நிலையில் விளையாடுகிறவருக்கு ஒவ்வொரு ஃபிரேமும் கைக்குக் கிடைக்கும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் வைத்து ஓபிஎஸ்ஸில் ஓவர்லேயுடன் ஸ்ட்ரீம் செய்ய நினைப்பவருக்கு கேப்சர் கார்டு எப்படியும் வேண்டும்.

மறைந்த செலவுதான் நீளம். விலை குறைந்த கேப்சர் கார்டுகள் மானிட்டருக்கு 60 ஹெர்ட்ஸ் மட்டும் கடத்தும், உங்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வீணாகும். இரண்டு கணினியின் ஒலியைச் சேர்க்கும்போது இரைச்சல் வரும். ஒலியின் சாம்பிள் ரேட் ஒரு கணினியில் 44.1, இன்னொன்றில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஒலியில் குழப்பம். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகும், நீண்ட ஸ்ட்ரீமில் குரலும் படமும் மெல்ல மெல்ல விலகுவது உண்டு. முதல் மணியில் தெரியாது, நான்காவது மணியில் உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் போகும். நீண்ட ஸ்ட்ரீமின் பிரச்சினையைத் தீர்க்க வாங்கியது நீண்ட ஸ்ட்ரீமுக்கே உரிய இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவரும். கூடவே இரண்டாவது கணினி 150 வாட் இழுத்தால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 45 யூனிட். அதே அறைக்குள் கூடுதல் சூடு. யுபிஎஸ் இருந்தால் அது தாங்கும் நேரமும் குறையும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், குயிக் சிங்க் உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றே போதும். அதற்கும் விலை உயர்ந்த கார்டு போட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | குறைக்கும் எண் | செலவு | மறைந்த செலவு | ஐந்தாவது மணியில் நிம்மதி |
|---|---|---|---|---|
| செட்டிங்ஸ் | ரெண்டரிங், என்கோடிங் | இல்லை | ஒரு வாரம் சோதனை | சூடு இல்லையென்றால் நிற்கும் |
| சூடு குறைத்தல் | ரெண்டரிங், என்கோடிங் | இல்லை முதல் ஆயிரத்து ஐநூறு வரை | சில எஃப்பிஎஸ் | நிற்கும் |
| இணையம் | நெட்வொர்க் மட்டும் | சில நூறிலிருந்து | முன்பணம், ஒப்பந்தம் | கேபிள் நிற்கும், பிளான் சந்தேகம் |
| புதுக் கார்டு | என்கோடிங், ஓரளவு ரெண்டரிங் | பல ஆயிரம் | பவர் சப்ளை | எஃப்பிஎஸ் கட்டினால் நிற்கும் |
| இரண்டாவது கணினி | என்கோடிங், ரெண்டரிங் | எல்லாவற்றிலும் அதிகம் | ஒலி விலகல், மின்சாரம், இடம் | படம் வெட்டாது, குரலைக் கவனிக்கணும் |

## யாருக்கு எது

லேப்டாப்பில் விளையாடுகிறவர், வெட்டல் ஒன்றரை இரண்டு மணிக்குப் பிறகு மட்டும் வருகிறது என்றால் இரண்டாவது வழியில் தொடங்கி, கூடவே எஃப்பிஎஸ்ஸைக் கட்டுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

டெஸ்க்டாப், எக்ஸ்264, என்கோடிங் லேக் என்றால் இன்றைக்கே என்கோடரை மாற்றுங்கள். கார்டில் நல்ல என்கோடர் இல்லாவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் நெட்வொர்க் டிராப் என்றால் கேபிள், பிட்ரேட், தானியங்கிக் குறைப்பு, இந்த வரிசையில். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்ட்ரீம் நேரத்தை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். காலை ஆறு மணி ஸ்ட்ரீமுக்கு வளைகுடாவிலிருந்து பார்க்கிறவர்கள் குறைவு, ஆனால் கனடாவில் இருக்கும் தமிழர்களுக்கு அது மாலை நேரம்.

கன்சோல் வைத்திருப்பவர், அல்லது ஸ்ட்ரீமே வருமானம் என்று ஆகிவிட்டவர், ஒரு கிராஷ் ஒரு நாள் சம்பளம் என்ற நிலையில் இருப்பவர், இரண்டாவது கணினியைத் தாராளமாக வாங்கலாம். வாங்கினால் முதல் பொது ஸ்ட்ரீமுக்கு முன்னால் நான்கு மணி நேரம் யாருக்கும் காட்டாத ஸ்ட்ரீம் ஒன்று ஓட்டி, கடைசிப் பத்து நிமிடத்தில் கையைத் தட்டிப் பாருங்கள். தட்டும் சத்தமும் கையும் ஒன்றாக வந்தால் அன்றைக்கே நேரலைக்குப் போகலாம்.

சித்தி மகன் சேர்த்த காசு அப்படியே இருக்கிறது. அதில் ஒரு ஆயிரத்து இருநூறு மட்டும் செலவானது. கேபிளும், தூசி எடுத்துப் பேஸ்ட் மாற்றிய கூலியும். மழைக்காலத்துக்குள் நல்ல மைக் ஒன்று வாங்கப் போகிறான்.